முன்சீட்டுக்காரர் பங்கு

முதலில் ஊதுவார். சீட்டைச் சரிசெய்வதற்கு முன், கண்ணாடியைத் திருப்புவதற்கு முன், எங்களைத் திரும்பிப் பார்த்து “எல்லாரும் ஏறியாச்சோ?” என்று கேட்பதற்கும் முன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். விரித்தால் உள்ளே விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஸ்டியரிங் பக்கத்தில் சுருள் வயரில் தொங்கும் கறுப்புக் கருவியில் அதைச் செருகுவார். கண்ணை மூடிக்கொள்வார். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதும் தகப்பனைப் போல, கன்னம் உப்ப, அவசரமே இல்லாமல் ஊதுவார்.

கருவி கொஞ்சம் யோசிக்கும். பச்சை விளக்கு எரியும். அதன் பிறகுதான் எஞ்சின்.

நோர்வேயில் ஆட்களைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இந்தப் பூட்டு இருக்க வேண்டும். அல்கோலோஸ் என்பார்கள். டிரைவரின் மூச்சில் மது இருந்தால் வண்டி கிளம்பாது. மற்ற டிரைவர்கள் எல்லாம் கொட்டாவி விடுவது போல ஊதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர் மட்டும் பச்சை விளக்கைப் பார்த்தபடி ஒரு நொடி அப்படியே இருப்பார். பரீட்சை முடிவில் தன் நம்பரைக் கண்டுபிடித்த பையன் முகம் இருக்குமே, அந்த முகம். ஒவ்வொரு முறையும் அந்த முகம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஒஸ்லோவில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. அவர் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லாருக்கும் அண்ணை; என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் ‘அண்ணே’ என்று ஆரம்பித்துச் சீக்கிரமே ‘அண்ணை’க்கு மாறிவிடுவோம். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வடக்கே ஹம்மர்பெஸ்டுக்கே திரும்பிவிட்டார் என்கிறார் ஒருவர். இல்லை, ஏதோ இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். போன் அடித்தால் மணி போகிறது. அவ்வளவுதான். ஒஸ்லோவின் ஓரத்தில் ட்வெய்ட்டாவில் அவர் இருந்த ஏழாம் மாடி வீட்டின் ஜன்னலில் வேறு யாருடைய திரைச்சீலையோ தொங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதில் எதுவுமே புரியாது. அண்ணை குடிகாரர். எங்களோடு சுற்றிய அத்தனை சனி ஞாயிறுகளிலும் ஒரு துளி தொடாத குடிகாரர். அவரைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். குழுவில் எனக்கு மட்டும்தான் இது தெரியும். மற்றவர்களுக்கு அவர் குடி என்றால் என்னவென்றே அறியாத மனிதர்.

குழு என்றேனே, அது என் பைத்தியத்தில் பிறந்தது. எனக்கு எதன் மேலாவது ஆசை வந்தால் அரைகுறையாக வராது. சேலத்தில் இருந்த காலத்தில் பறவை பார்க்கிறேன் பேர்வழி என்று ஏரி ஏரியாக அலைந்தேன். பெங்களூரில் சைக்கிள். ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும் ஊரில், அது விஸ்கியாகிவிட்டது. பார்லியை ஏன் முளைக்க வைக்கிறார்கள், கரிமண் புகை ஏன் காட்டுகிறார்கள், ஷெர்ரி ஊறிய பீப்பாய்க்கு ஏன் அந்த விலை என்று படித்துத் தள்ளினேன். குடித்தது கொஞ்சம், பேசியது கடல். ஆபீஸ் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தால் ஆட்கள் மாடிப்படி வழியாகத் தப்பிப் போனார்கள். ஒரு கல்யாண விருந்தில் சிக்கியவர் பல்வைத்தியர். கொழும்பில் படித்து இங்கே பல் பிடுங்கும் யாழ்ப்பாணத்து மனிதர், சிரித்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். “தம்பி, உதைப் படிச்சுக் கொண்டிருக்கிறதிலும் பாக்க ஒருக்காப் போய்ப் பாப்பமே?” என்றார். ஒஸ்லோவுக்கு வடக்கே மியோசா ஏரிக்கரையில் பண்ணைகள் இருந்தன. தானியக் கிடங்கை விஸ்கி காய்ச்சும் வடிசாலையாக்கி, சின்னச் சின்னக் குழுக்களாக ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். போவது சரி, திரும்பி வருவது? இந்த நாட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வண்டியைத் தொட்டாலும் தொலைந்தோம். “அண்ணையைக் கேப்பம்,” என்றார் பல்வைத்தியர். “சொந்த வான் வைச்சிருக்கிறார். கிழமை நாளிலை பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துறவர். சனி ஞாயிறு எண்டால் சந்தோசமா வருவார்.”

சந்தோஷமாகத்தான் வந்தார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் பயணம் மே மாதம். பிர்ச் மரங்கள் அப்போதுதான் இலை விட்டிருந்தன. ஏரி ஒரு பக்கம் நீலமாக வந்துகொண்டே இருந்தது. மறுபக்கம் உழுத வயல், சிவப்புக் கொட்டில், மறுபடி வயல். நான் முன்சீட்டில் உட்கார்ந்து கிளம்பியதிலிருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

“தம்பி, நீர் இடையிலை மூச்சு விடுறனீரோ?”

“விடறேனே அண்ணே, ஏன்?”

“இல்லை, ஒருக்கா விட்டுப் பாரும். ஏரியும் வடிவாத்தான் இருக்கு.”

பின்சீட்டில் பல்வைத்தியர் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது.

அண்ணையின் வண்டியில் முன்சீட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. முன்சீட்டில் இருக்கிறவர் தூங்கக் கூடாது. கதைக்க வேண்டும். காட்டோரத்தில் எல்க் மான் நிற்கிறதா என்று கண் வைத்திருக்க வேண்டும். குதிரையைவிடப் பெரிய மிருகம், குறுக்கே வந்தால் வண்டி அப்பளம். டிரைவருக்குக் கோப்பி மூடியைத் திறந்து கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் கூலி, டிரைவரின் பங்கு.

அது என்ன பங்கு? வடிசாலையில் எல்லார் முன்னாலும் சின்னச் சின்னக் கிளாஸ்களில் வரிசையாக ஊற்றி வைப்பார்கள். டிரைவருக்கும் வைப்பார்கள். வேறு குழுக்களின் டிரைவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். அண்ணைக்கு வீணாக்குவது பாவம். மருந்துக்கடையில் வாங்கிய ஒரு பழுப்புப் போத்தல் வைத்திருப்பார், பிள்ளைகளுக்கு இருமல் மருந்து வருமே அந்த அளவு. தன் கிளாஸ்களை ஒவ்வொன்றாக அதில் கவிழ்ப்பார். வெளியே கொண்டுபோகலாமா கூடாதா என்று யாரும் கேட்டதில்லை. பண்ணைக்காரி, சின்னக் கண்களும் பெரிய ரப்பர் பூட்ஸுமாக ஒரு நோர்வேஜியப் பெண், சரியாக அந்த நேரம் ஜன்னல் வழியாகத் தன் மாடுகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

எனக்கு முதல் முறை பார்த்தபோது உயிரே போனது. “அண்ணே! கலக்காதீங்க! அது வேற பீப்பாய், இது வேற பீப்பாய்!”

“வயித்துக்குள்ளை என்ன தம்பி, தனித்தனி அறையோ கட்டி வைச்சிருக்கிறீர்?”

ஊற்றும்போது கையை நீட்டி, முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். குழந்தையின் டயபரை மாற்றுகிற ஆண்பிள்ளை போல. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவரும் “மண்ணெண்ணெய் மணக்குது” என்று மூக்கைச் சுளிப்பார். ஊற்றி முடித்து மூடியை இறுக்கி, பண்ணை வாசலில் வைத்து முன்சீட்டுக்காரர் கையில் கொடுப்பார். “இந்தாரும், உம்மட பங்கு.” திரும்பும் வழியில் தூங்கிவிட்டால் போயிற்று. ஒரு தடவை நான் கண் அசந்து விழித்தபோது என் மடியிலிருந்த போத்தல் பின்சீட்டில் பல்வைத்தியரிடம் இருந்தது. கெஞ்சினேன். அண்ணை சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சட்டம் சட்டம்தான் தம்பி.”

சட்டம் போட்டவர் அவர். அதன் அடியில் என்ன இருந்தது என்று எனக்கு இரண்டாவது கோடையில்தான் தெரிந்தது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். மற்றவர்கள் படம் எடுக்க இறங்கிவிட்டார்கள். நான் வழக்கம்போல வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “அண்ணை, உங்களுக்கு இந்த வாசனையே ஆகாது. வாரம் பூரா ஸ்கூல் பிள்ளைகளை ஓட்டறீங்க. சனி ஞாயிறு வீட்ல காலை நீட்டிப் படுக்காம எதுக்கு எங்களோட இந்த அலைச்சல்?”

“ஆர் சொன்னது மணம் பிடிக்காதெண்டு?”

“முகத்தைத் திருப்பிக்கிறீங்களே.”

“பிடிக்கும் தம்பி. அதுதானே பிரச்சினை.”

அதன் பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் ஹம்மர்பெஸ்டில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்கள். எல்லாரும் குடித்தார்கள், எல்லாரும் நிறுத்தினார்கள், இவருக்கு மட்டும் நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டியது இவர் முறை. “நான் சோபாவிலை கிடந்தனான். செத்த மீன் மாதிரி. பிள்ளை பனிச்சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் போட்டபடி வாசல் வாங்கிலை குந்திக்கொண்டு இருந்திருக்கு. ரீச்சர் கழட்டுவம் எண்டு கேட்டதுக்கு, வேண்டாம், பப்பா இப்ப வந்திடுவார் எண்டு சொல்லியிருக்கு.” ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஒரு முறை துடைத்தார். “கழட்டவே விடேல்லையாம் தம்பி.”

மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டார். இவர் தெற்கே வந்து டிரைவர் வேலை எடுத்தார். “ஓடுற நாளிலை குடிக்கேலாது. காலமை ஊதவேணுமெண்டால் முதல் நாள் பின்னேரமும் குடிக்கேலாது. அப்ப என்ன வழி? ஒவ்வொரு நாளும் ஓடவேணும். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் உவ்வளவுதான்.” பிறகு பண்ணை இருந்த பக்கமாகக் கையைக் காட்டினார். “அங்கை எனக்கு ஒரு பயமும் இல்லை. சுத்திவரச் சாராயம், நடுவிலை என்ர கையிலை ஸ்டியரிங். சனிக்கிழமை வீட்டிலை தனிய இருக்கிறதுதான் தம்பி பயம்.”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார்.

அதற்கப்புறம் எனக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரொண்ட்ஹெய்மிலிருந்து மகள் பேசுவாள். வண்டியின் ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கும். பாதி நோர்வேஜியம், பாதித் தமிழ். எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: “இண்டைக்கு ஓடினீங்களா பப்பா?”

“ஓம் மோள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறன்.”

பல்வைத்தியர் உருகிப்போவார். “பாத்தியளே, தேப்பனுக்குக் களைப்பாக்கும் எண்டு பிள்ளைக்கு என்ன கவலை!” நான் ஜன்னல் பக்கம் திரும்பி எல்க் தேடுவேன்.

பிறகு நானும் ட்வெய்ட்டாவுக்கே குடிவந்தேன். என் சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய வான் நிற்கும் இடம் தெரியும். வேலை இல்லாத பொது விடுமுறைகளில், பனி கொட்டும் காலைகளில், அண்ணை கீழே இறங்கி வருவார். கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டுவார். உள்ளே ஏறுவார். கைக்குட்டையை எடுப்பது, தலை குனிவது எல்லாம் மேலிருந்தே தெரியும். எஞ்சின் கிளம்பும். புகை வரும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். அணைத்துவிட்டு மேலே போய்விடுவார். பக்கத்து வீட்டு நோர்வேஜியர் அதை பேட்டரி பராமரிப்பு என்று நினைத்துத் தானும் அதே போல் செய்ய ஆரம்பித்தார். ஒரு நாள் நான் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். “எங்க கிளம்பிட்டீங்க அண்ணை?”

“எங்கையும் இல்லை. கிளம்பலாமோ எண்டு பாத்தனான்.”

இவ்வளவு கவனமாக ஒரு மனிதர் தன்னைச் சுற்றி வேலி கட்டியிருந்தார். அதன் ஒரே கம்பம் எங்கே நட்டிருந்தது என்று யாருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. வேலியைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன்.

ஒரு வசந்த காலத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். வலிப்பு. தண்ணீர் ஓடி வாசலுக்கு வெளியே வந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது நெற்றியில் கட்டு. தலையை மட்டும் திருப்பினார்.

“ஆக்களை ஏத்தி இனி எப்பவும் ஓடேலாதெண்டிட்டினம்.”

“உங்க கார்? தனியா?”

“அது பிறகு பாப்பமாம். பிறகெண்டால் எப்ப எண்டு அவைக்கும் தெரியேல்லை.” கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நீர் என்ன நினைக்கிறீர்?”

என்ன நினைப்பது. எனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு யோசனை வரும், அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனதும் வந்தது. கையடக்க ஊதுகருவி ஒன்றை வரவழைத்து, வீடு திரும்பியவரிடம் ஓடிப்போய்க் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் ஊதுங்கள், மாலையில் ஊதுங்கள் என்று விளக்கினேன். தன் குழாயைக் கைக்குட்டையிலிருந்து எடுத்தார். அது இதில் பொருந்தவில்லை. அதனுடைய குழாயிலேயே ஊதினார். ஸீரோ காட்டியது. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

“இனி?”

“அவ்வளவுதான் அண்ணை. ஸீரோ காட்டுது பாருங்க.”

“சைபர் காட்டினால் என்ன தம்பி கிளம்பும்?”

பெட்டியில் வைத்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

அவர் சம்மதத்தோடு டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, பேசுவதற்கென்றே இருக்கிற ஓர் ஆளிடம் அனுப்ப ஏற்பாடு செய்தேன். சில தடவை போனார். எப்படி இருந்தது என்று கேட்டால், “நல்ல மனிசி. வடிவாக் கதைக்கிறா. ஆனால் என்ர தாகம் நோர்ஸ்க் பாசையிலை வாறேல்லைத் தம்பி.” பிறகு போகவில்லை. தினமும் ட்வெய்ட்டாவைச் சுற்றி அவரோடு நடந்தேன். கடைத்தொகுதி வாசலில் நின்று பஸ்களைப் பார்ப்பார். டிரைவர்களில் பாதிப் பேர் கை காட்டுவார்கள். இவரும் காட்டுவார். வானை விற்றுவிட்டார். வாங்கியது ஆரணியின் அப்பா. ஆரணி இங்கேயே பிறந்த பெண், தாதிப் படிப்பு படிக்கிறாள், வார இறுதிகளில் ஓட்டுவதற்கு அனுமதி எடுத்து வைத்திருந்தாள். வண்டியோடு சேர்த்து முன்சீட்டுச் சட்டம், கோப்பி, எல்க், பழுப்புப் போத்தல் எல்லாவற்றையும் அண்ணை அவளுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தார். குழாயை மட்டும் கொடுக்கவில்லை.

குடிக்கவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன். கோடை முழுக்கக் குடிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் “ஓம் மோள், ஓடினனான்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். விழுந்ததை மகளுக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் முதன்முறையாக, கிறிஸ்துமஸுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து இவர் வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். பேரனுக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கினார். நானும் அவருமாகத்தான் பெட்டியைத் தூக்கி மேலே கொண்டுபோனோம். அந்தப் பெட்டி தை மாதத்தில் கீழே குப்பை அறையில் சுவரோடு சாய்ந்து நின்றது, ஒட்டிய டேப் கூடப் பிரிக்காமல். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதத் தெம்பு இருக்காது.

இலையுதிர் காலப் பயணத்தை ஏற்பாடு செய்தது பல்வைத்தியர். “அண்ணை இல்லாமல் என்ன பயணம்? ஆரணி ஓடட்டும், முன்சீட்டு அண்ணைக்கு!” அன்று மாலையே அண்ணை வீட்டுக்குப் போய், பயணத்துக்கு வர வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“வீட்டிலை இருக்கிறதிலும் பாக்க வண்டியிலை இருக்கிறது நல்லம் தம்பி. உமக்குத் தெரியும்தானே.”

தெரியும். எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டேன்.

காலையில் ஆரணி கருவியைக் கையில் எடுத்தபோது அண்ணை தொண்டையைச் செருமினார். “பிள்ளை, ஒருக்கா நான் ஊதட்டே?”

“ஊதுங்கோ மாமா! உங்கட வண்டிதானே.”

கைக்குட்டை விரிந்தது. குழாய் வந்தது. கண்ணை மூடினார், கன்னம் உப்பியது. பச்சை. எஞ்சின் கிளம்பியது. பின்னால் எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பரீட்சைப் பையன் முகத்தை மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன்.

அன்றைக்கு அவர் மாதிரி முன்சீட்டுக்காரர் அந்த வண்டிக்கு வாய்த்ததே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து காடு முழுவதையும் கண்ணால் துழாவினார். ஆரணிக்குக் கோப்பி மூடி திறந்தார். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலை வெள்ளை பிளாஸ்டிக்கில் உருட்டிப் போட்டிருந்தார்கள். “டிராக்டர் இட்ட முட்டை,” என்றார். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இலைகள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. எனக்கே ஒரு கட்டத்தில் பயம் விட்டுப்போனது.

வடிசாலையில் அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவர் இப்போது டிரைவர் இல்லை, விருந்தாளி. முன்னால் கிளாஸ்கள். பண்ணைக்காரி புகை, தேன், பீப்பாய் என்று விளக்க விளக்க, நான் என்னுடையதைக் குடித்து அவருடையதையும் இழுத்துக் குடித்தேன். ருசியாவது ஒன்றாவது.

“இந்தியத் தம்பி இண்டைக்குத் தண்ணி மாதிரி இழுக்கிறார்!” என்றார் பல்வைத்தியர். “எடேய், அண்ணைக்கும் கொஞ்சம் விடப்பா. இவ்வளவு காலமும் எங்களுக்காகத்தானே மனிசன் சும்மா இருந்தது.”

“எனக்கு வேண்டாம். மருந்து குடிக்கிறன்,” என்றார் அண்ணை, அமைதியாக.

தப்பித்தோம் என்று நினைத்தேன். எழுந்து வெளியே வந்தோம். வாசலில் ஆரணி நின்றாள். அவளுக்கு வைத்த கிளாஸ்களை எல்லாம் அண்ணை சொல்லிக் கொடுத்தபடியே கவிழ்த்து, மூடியை இறுக்கி, துடைத்து வைத்திருந்தாள். அதே பழுப்புப் போத்தல். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

“வேர்ஸகூ, இந்தாங்கோ மாமா. முன்சீட்டுக்காரர் பங்கு.”

எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். பல்வைத்தியர் விசில் அடித்தார். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்ல முடியும்? சத்தியம் தலை மேல் இருந்தது. “அண்ணை, நீங்கதான் தொடமாட்டீங்களே, எனக்குத் தாங்களேன்,” என்று கையை நீட்டினேன்.

“நீர் காணுமெண்ட அளவு குடிச்சிட்டீர்.” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போத்தலை வாங்கிச் சட்டைப் பையில், கைக்குட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். “சட்டம் சட்டம்தான் தம்பி.”

ஏரிக்கரையில் நிறுத்தினோம். மர மேசையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் பரிமாறினார்கள். அண்ணை கூழாங்கற்களில் இறங்கித் தண்ணீர் வரை நடந்து போனார். நான் பின்னாலேயே போனேன். திரும்பாமலே சொன்னார்: “ஒண்டும் இல்லை. தண்ணியைப் பாக்கிறன். நீர் போம்.” நான் போகவில்லை. அவரும் அசையவில்லை. காற்று ஏரியிலிருந்து அடித்தது. மேலிருந்து படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறோம் என்று கத்துவதற்காகத் திரும்பினேன். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணையும் துடைத்தார். காற்று பலமாகத்தான் இருந்தது.

வண்டியில் ஏறினோம். ஆரணி கருவியைச் சுருள் வயரோடு இழுத்து, சிரித்துக்கொண்டு அவர் பக்கம் நீட்டினாள்.

“மாமா, நீங்களே ஊதுங்கோ. காலமை மாதிரி.”

“ஊதுங்கோ அண்ணை, ஊதுங்கோ!” பின்னால் கைதட்டல் தாளமாக ஆரம்பித்தது.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டையைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது. வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடியபடி தலையை மட்டும் ஆட்டினார். கருவியை மெல்ல, மிக மெல்ல, அவள் பக்கமே தள்ளிவிட்டார். களைத்துவிட்டார் போல என்று நினைத்து அவளே ஊதினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முன்சீட்டில் அவர் முகத்தை முழுக்க ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒஸ்லோ வரை அந்தக் கண்ணாடியில் அவர் மூச்சு மட்டும் பட்டுப் பட்டு மங்கிக்கொண்டிருந்தது.